நாலு ரோட்டில் ஏன் நிற்கிறோம்?

பாடத்துக்கு முன்

உங்கள் ஊரிலும் ஒரு நாலு ரோடு இருக்கும். காலையில் அங்கே வண்டிகள் நகராமல் நிற்கும். நீங்களும் நின்றிருப்பீர்கள். அப்போது யாரைத் திட்டினீர்கள்? பேருந்து ஓட்டுநரையா? ஆட்டோக்காரரையா? போலீஸ்காரரையா? ஓரத்தில் கடை போட்டவரையா?

இந்தப் பாடத்தில் வரும் நாலு ரோடு கற்பனையானது. அங்கு வரும் மக்களும் கற்பனைதான். ஆனால் அவர்கள் படும் பாடு உண்மை. அவர்கள் செய்ததை நாமும் செய்ய முடியும்.

1. காலை எட்டரை மணி

ஒரு நகரத்தின் குடியிருப்புப் பகுதி. அங்கே நான்கு ரோடுகள் சந்திக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்கே போவது பெரிய ரோடு. வடக்கே போவது பள்ளிக்கூட ரோடு. தெற்கே போவது மார்க்கெட் ரோடு.

காலை எட்டரை மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பெண்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. மார்க்கெட்டிலிருந்து காய்கறி வண்டி வருகிறது. பேருந்து வருகிறது. எல்லாம் சந்திப்பின் நடுவில் சிக்கிக்கொள்கின்றன.

தொழிற்சாலையில் கேட் ஒன்பது மணிக்கு மூடும். கால் மணி நேரம் தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும். பள்ளியில் மணி அடித்துவிடும். போன வாரம் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அது சங்கு ஊதிக்கொண்டே நின்றது. முன்னே இருந்தவர்களுக்கு வழி விட மனம் இருந்தது. ஒதுங்க இடம் இல்லை.

அன்று மாலை தொடர் கல்வி மையத்தில் இதே பேச்சு.

2. யார் குற்றம்?

மையத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பூ விற்கும் அக்கா ஒருவர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“நாலு ரோட்டுல நெரிசலுக்கு நாங்கதான் காரணமாம் டீச்சர். ஓரத்துக் கடை எல்லாத்தையும் எடுக்கணும்னு சில பேர் கையெழுத்து வாங்குறாங்க. எங்கிட்டயே வந்து கையெழுத்துக் கேட்டாங்க. படிச்சுப் பார்த்தேன். என் கடையை எடுக்கச் சொல்லி என் கையெழுத்தையே கேக்குறாங்க!”

யாரும் சிரிக்கவில்லை. அக்காவுக்கு எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் கைநாட்டு வைத்திருப்பார்.

ஆட்டோ ஓட்டும் அண்ணன் சொன்னார்: “பஸ்காரங்கதான் காரணம். நடு ரோட்டுல நிறுத்துறாங்க.”

தொழிற்சாலைக்குப் போகும் தங்கை விடவில்லை. “ஆட்டோ மட்டும் என்னவாம் அண்ணே? கிடைச்ச சந்துல எல்லாம் நுழைக்கிறீங்களே!”

ஓய்வு பெற்ற மின் ஊழியர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “சட்டத்தை மதிக்காத ஜனம்மா. அதுதான் காரணம்.”

டீச்சர் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார். பேருந்து, ஆட்டோ, கடை, ஜனம். பிறகு கேட்டார்:

“நாலு காரணம் சொல்லியாச்சு. இதுல யாராவது எண்ணிப் பார்த்தீங்களா? நூறு தடவை வண்டி நின்னா, எத்தனை தடவை கடையால நிக்குது? எத்தனை தடவை பஸ்ஸால நிக்குது?”

ஒருவருக்கும் தெரியவில்லை.

“அப்போ முதல்ல எண்ணுவோம். அப்புறம் குற்றம் சொல்லுவோம்” என்றார் டீச்சர்.

3. புள்ளி வைத்துப் பார்ப்போம்

எண்ணுவதற்கு முன் ஒரு பாடம் நடந்தது. சந்திப்பு எப்படி வேலை செய்கிறது என்று டீச்சர் தரையில் கோடு போட்டுக் காட்டினார்.

நம் நாட்டில் வண்டிகள் ரோட்டின் இடப்பக்கம் போகின்றன. அதனால் இடப்பக்கம் திரும்புவது எளிது. எதிரே வருகிறவரை வெட்ட வேண்டியதில்லை. நேராகப் போவது அதைவிடக் கடினம். வலப்பக்கம் திரும்புவதுதான் மிகவும் கடினம். எதிரே வருகிறவரின் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் திரும்ப முடியும்.

நான்கு ரோட்டிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. ஒவ்வொரு ரோட்டு வண்டிக்கும் மூன்று வழி. இடது, நேர், வலது. எல்லா வழிகளையும் கோடாகப் போடுங்கள். கோடும் கோடும் தொடும் இடத்தில், கோலத்துக்கு வைப்பதுபோல் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு எண்ணுங்கள்.

பாதைகள் குறுக்கே வெட்டும் இடம்: 16
பாதைகள் சேரும் இடம்: 8
பாதைகள் பிரியும் இடம்: 8
மொத்தம்: 32

ஒவ்வொரு திசைக்கும் ஒரு வரிசை வண்டிதான் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரு சாதாரண நாலு ரோட்டில் 32 இடங்களில் வண்டியும் வண்டியும் மோத வாய்ப்பு உண்டு. மூன்று ரோடு சேரும் முக்கில் இதேபோல் எண்ணினால் 9 புள்ளிதான் வரும். ஒரு ரோடு கூடினால் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது!

இந்தப் புள்ளிகளைக் குறைப்பதுதான் நல்ல அமைப்பு. சிக்னல் விளக்கு ஒரு வழி. அது ஒரு பக்கத்தை நிறுத்தி மறு பக்கத்தை விடுகிறது. வட்டத் திடல் இன்னொரு வழி. சண்டிகர் நகரத்தில் பெரிய சாலைகள் சந்திக்கும் பல இடங்களில் வட்டத் திடல் கட்டியிருக்கிறார்கள். வண்டிகள் திடலைச் சுற்றிப் போகும். குறுக்கே வெட்டும் புள்ளியே இராது. சிறிய வட்டத் திடலில் 8 புள்ளிதான் மிஞ்சும். ஆனால் அதற்கு நிறைய இடம் வேண்டும். நெருக்கமான குடியிருப்பில் அது கிடைப்பது அரிது.

சிக்னலும் இல்லை, போலீசும் இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் விதி உண்டு. சிறிய ரோட்டிலிருந்து பெரிய ரோட்டில் ஏறுகிறவர், பெரிய ரோட்டு வண்டிக்கு வழி விட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி ரோடு என்றால், நமக்கு வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும்.

“இருபது வருஷமா ஆட்டோ ஓட்டுறேன். வலப்பக்கத்துக்கு முதல் உரிமைன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை” என்றார் அண்ணன்.

4. எண்ணினார்கள்

மறுநாள் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை நான்கு பேர் நான்கு மூலையில் நின்றார்கள். கையில் நோட்டும் பென்சிலும் இருந்தன. சிக்னல் ஒரு சுற்று வர 2 நிமிடம் ஆனது. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 30 சுற்று.

ஒவ்வொரு சுற்றிலும் சந்திப்பின் நடுவே வண்டிகள் சிக்கின. எதனால் சிக்கின என்று பார்த்து ஒரு கோடு போட்டார்கள். நான்கு கோடு போட்டபின் ஐந்தாவதைக் குறுக்கே போட்டார்கள். பால் கணக்கு எழுதுவதுபோலத்தான்.

கூட்டிப் பார்த்தபோது வந்த கணக்கு இது:

சந்திப்பை ஒட்டிய பேருந்து நிறுத்தம்: 18 தடவை
மார்க்கெட் ரோட்டு முனையில் நிறுத்திய கார்கள்: 7 தடவை
சிவப்பு விளக்கை மீறி வந்தவர்கள்: 3 தடவை
ஓரக் கடையில் வாங்க நின்ற வண்டிகள்: 2 தடவை
மொத்தம்: 30 தடவை

எல்லாரும் கணக்கையே பார்த்தார்கள். கடைகளால் சிக்கியது 30இல் 2 தடவைதான்.

பேருந்து நிறுத்தம் ஏன் 18 தடவை? நிறுத்தம் சந்திப்பைத் தாண்டியவுடனே இருந்தது. ஒரு பேருந்து நின்றால் பரவாயில்லை. இரண்டாவது பேருந்து வந்தால் அதன் வால் சந்திப்புக்குள் நிற்கும். அதன் பின்னால் வந்த வண்டிகளும் நடுவிலேயே நிற்கும். அதற்குள் மார்க்கெட் ரோட்டுக்குப் பச்சை விழும். அவர்களும் உள்ளே வருவார்கள். அவ்வளவுதான், முடிச்சு விழுந்துவிடும்.

“அப்போ பஸ் டிரைவர் மேல தப்பில்லையா?” என்று தங்கை கேட்டார்.

“நிறுத்தம் எங்க இருக்கோ அங்கதானே நிறுத்தணும். அங்க வெச்சது யாரு?” என்றார் ஆட்டோ அண்ணன். முந்தின நாள் பேருந்துக்காரரைத் திட்டியவர் அவர்தான்.

மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துப் பாருங்கள். வாய் அகலம். அடிப்பக்கம் குறுகல். மேலே எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் கீழே ஒரே அளவுதான் இறங்கும். மீதி வழிந்து கொட்டும். பல சந்திப்புகள் இப்படித்தான் இருக்கின்றன. நுழையும் இடம் அகலம். வெளியேறும் இடம் குறுகல். வெளியேறும் இடத்தில் பேருந்து நிறுத்தம் இருக்கும். மின்மாற்றி இருக்கும். நிறுத்தி வைத்த கார் இருக்கும். நாம் நுழையும் இடத்தையே பார்த்துத் திட்டுகிறோம். அடைப்பு வெளியேறும் இடத்தில் இருக்கிறது.

5. பச்சை விளக்குக் கணக்கு

சிக்னலையும் கவனித்தார்கள். நான்கு ரோட்டுக்கும் 30 விநாடி பச்சை. நால் முப்பது 120 விநாடி. அதுதான் 2 நிமிடம்.

வண்டிகள் வரிசையாகப் போனால் ஒரு வரிசையில் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு வண்டி கடக்கும். 30 விநாடியில் 15 வண்டி.

இப்போது கணக்கைப் பாருங்கள்.

பெரிய ரோட்டில் ஒரு சுற்றுக்கு 20 வண்டி வருகிறது. 15 கடக்கிறது. 5 மிச்சம். 30 சுற்றில் 150 வண்டி மிச்சம்! ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து வரிசை நீள்கிறது.

பள்ளிக்கூட ரோட்டில் ஒரு சுற்றுக்கு 4 வண்டிதான் வருகிறது. அதற்கு 8 விநாடி போதும். மீதி 22 விநாடி பச்சை விளக்கு சும்மா எரிகிறது.

“கண்டுபிடிச்சாச்சு! பள்ளிக்கூட ரோட்டுல 10 விநாடியை எடுத்துப் பெரிய ரோட்டுக்குக் குடுத்தா 40 விநாடி ஆகும். 20 வண்டியும் போயிடும். மிச்சமே இல்லை!” என்றார் தங்கை.

கணக்கு சரிதான். எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் ஒரு பாட்டி கையைத் தூக்கினார்.

“நான் பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் பெரிய ரோட்டைத் தாண்டுறது அந்தப் பள்ளிக்கூட ரோட்டுப் பச்சையிலதான். அதுல பத்தைக் குறைச்சா நான் எப்படித் தாண்டுவேன்?”

6. நடப்பவருக்கு எத்தனை விநாடி?

உடனே போய் அளந்தார்கள். பெரிய ரோட்டின் அகலம் 18 மீட்டர். தங்கை சாதாரணமாக நடந்து கடந்தார். 15 விநாடி ஆனது. பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார். 25 விநாடி ஆனது.

இப்போது பச்சை 30 விநாடி. பாட்டி எப்படியோ கடந்துவிடுகிறார். பச்சையை 20 விநாடி ஆக்கினால்? நடு ரோட்டைத் தாண்டியதும் வண்டிகள் கிளம்பிவிடும். பாட்டியும் பேத்தியும் அவற்றின் நடுவே நிற்பார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது. 365 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 பேர். அவர்கள் வண்டி ஓட்டவில்லை. நடந்துதான் போனார்கள்.

வண்டிகளை வேகமாக விடுவதற்காகவே சந்திப்பை அமைத்தால், நடப்பவர் பலியாவார். முனைகளை அகலமாக வெட்டிவிட்டால் வண்டிகள் வேகம் குறையாமல் திரும்பும். நடப்பவர் கடக்கும் தூரமும் கூடிவிடும். நல்ல சந்திப்பு எல்லாருக்கும் நேரம் தர வேண்டும்.

ஓய்வு பெற்ற மின் ஊழியர் ஒரு வழி சொன்னார்:

“ரோட்டு நடுவுல ஒரு திட்டு கட்டலாம்மா. நாலு பேர் நிக்கிற அளவுக்கு. பாட்டி முதல்ல பாதி ரோட்டைத் தாண்டுவாங்க. திட்டுல நிப்பாங்க. அடுத்த பச்சையில மீதிப் பாதி. பாதி ரோடுன்னா 13 விநாடிதான். 20 விநாடி போதும்.”

பாட்டி யோசித்தார். “திட்டு கட்டின பிறகுதான் விநாடியைக் குறைக்கணும். முதல்ல குறைச்சிட்டு அப்புறம் கட்டுறேன்னு சொல்லக் கூடாது.”

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதை அப்படியே நோட்டில் எழுதினார்கள்.

7. பாலம் கட்டினால் போதுமா?

“இதுக்கெல்லாம் எதுக்கு மெனக்கெடணும்? ஒரு மேம்பாலம் கட்டிட்டா முடிஞ்சுது” என்றார் ஒருவர்.

அப்போது டீச்சர் பெங்களூரு கதையைச் சொன்னார். இது கற்பனை அல்ல.

பெங்களூருவில் சில்க் போர்டு சந்திப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. சில்க் போர்டு என்றால் மத்திய பட்டு வாரியம். அதன் அலுவலகம் அங்கே இருப்பதால் இந்தப் பெயர். ஓசூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் அங்கே சந்திக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு போகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். கோரமங்களா, மடிவாளா, பி.டி.எம். லே அவுட், எச்.எஸ்.ஆர். லே அவுட் ஆகிய குடியிருப்புகள் அதைச் சுற்றி இருக்கின்றன. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். பல ஆண்டுகளாகப் போக்குவரத்து நெரிசல் என்றாலே பெங்களூரு மக்கள் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள்.

அங்கே மேம்பாலம் உண்டு. 2010இல் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்தில் உயர்மட்டச் சாலையும் திறந்தார்கள். பாலத்தின் மேல் போகிறவருக்கு வேகம் கிடைத்தது. ஆனால் மேலே ஏறிய வண்டி எங்காவது இறங்கத்தானே வேண்டும்? இறங்கிய வண்டிகள் அடுத்த சந்திப்பில் குவிந்தன. பாலத்துக்குக் கீழே பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கும் நடந்து கடந்தவர்களுக்கும் பாடு குறையவில்லை.

2024 ஜூலையில் ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரை ஈரடுக்குப் பாலத்தின் ஒரு பக்கம் திறந்தது. கீழ் அடுக்கில் வண்டிகள் போகும். மேல் அடுக்கு மெட்ரோ ரயிலுக்கு. 2025 ஆகஸ்டில் அந்த வழியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர். சில்க் போர்டிலும் ஒரு நிலையம்.

இதில் நமக்கு என்ன பாடம்? பாலம் வண்டிகளை நகர்த்துகிறது. ரயிலும் பேருந்தும் மனிதர்களை நகர்த்துகின்றன. ஒரு பேருந்து ஏறக்குறைய மூன்று கார்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதில் ஐம்பது பேர் போகலாம். மூன்று காரில் எத்தனை பேர் போவார்கள்?

பெரிய நகரத்தின் பெரிய சந்திப்புக்குப் பாலம் தேவைப்படலாம். நம் தெரு முனைக்கு அது வேண்டாம். நிறுத்தத்தை நகர்த்தினாலே நெரிசல் பாதியாகும்.

8. யாரிடம் கேட்பது?

இங்கேதான் பலர் சலித்துப் போகிறார்கள். ஒரு சந்திப்பில் பல அலுவலகங்களுக்கு வேலை இருக்கிறது.

ரோடு, நடைபாதை, நடுத்திட்டு: மாநகராட்சி அல்லது நகராட்சி. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை என்றால் வேறு துறை.
சிக்னல் நேரம், வண்டி நிறுத்தும் தடை: போக்குவரத்துக் காவல்துறை.
பேருந்து நிறுத்தம்: போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி.
மின்மாற்றி, மின்கம்பம்: மின் வாரியம்.

ஊருக்கு ஊர் இதில் சிறிது மாறும். ஒரு அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். ஆகவே ஒரே மனுவை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

1993 ஜூன் 1 முதல் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் கவுன்சிலர் வழியாக அங்கே பேசலாம்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, “எங்கள் மனு என்ன ஆயிற்று?” என்று எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பூக்கார அக்காவுக்குத் துணை. ஊரில் உள்ள தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அவர்களுக்குச் சான்று தர வேண்டும். கணக்கெடுத்து முடிக்கும் முன் அவர்களை அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். சாலையை வகுத்த தரப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டதால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, அதற்குப் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஓட்டுகிறவர் மட்டும் அல்ல, ரோடு போட்டவரும் பதில் சொல்ல வேண்டும்.

9. மனு எழுதினார்கள்

பூக்கார அக்காதான் எழுதினார். டீச்சர் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினார்.

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: நாலு ரோடு சந்திப்பைச் சீரமைக்க வேண்டுதல்

ஐயா,

வணக்கம். நாங்கள் இந்தப் பகுதியில் குடியிருக்கிறோம். காலை 8.30 முதல் 9.30 வரை சந்திப்பில் நின்று எண்ணினோம். 30 சுற்றில் 30 தடவையும் வண்டிகள் சிக்கின. அதில் 18 தடவை பேருந்து நிறுத்தத்தால். 7 தடவை முனையில் நிறுத்திய கார்களால். கணக்கை இத்துடன் வைத்துள்ளோம்.

எங்கள் கோரிக்கைகள்:

1. பேருந்து நிறுத்தத்தைக் கிழக்கே தள்ளி அமைக்க வேண்டும். பயணிகள் நிற்கக் கூரை வேண்டும்.
2. மார்க்கெட் ரோட்டு முனையில் கார் நிறுத்தத் தடை வேண்டும்.
3. பெரிய ரோட்டின் நடுவில் நடப்பவருக்குத் திட்டு கட்ட வேண்டும். அழிந்துபோன வெள்ளைக் கோடுகளைப் புதிதாகப் போட வேண்டும்.
4. திட்டு கட்டிய பிறகு சிக்னல் நேரத்தை மாற்ற வேண்டும்.
5. ஓரக் கடைகளை அகற்ற வேண்டாம். பத்து அடி உள்ளே தள்ளிக்கொள்ள நாங்களே சம்மதிக்கிறோம்.

தாங்கள் ஒரு நாள் காலை 8.30 மணிக்கு நேரில் வந்து பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பகுதி மக்கள்

மனுவில் திட்டு இல்லை. கெஞ்சலும் இல்லை. எங்கே, எப்போது, எத்தனை தடவை, என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது.

அக்கா ஐந்து படி எடுத்தார். நான்கை நான்கு அலுவலகங்களில் கொடுத்தார்கள். ஒன்றை மையத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் பெற்றுக்கொண்டதற்குத் தேதியும் கையொப்பமும் முத்திரையும் வாங்கினார்கள்.

10. பிறகு என்ன நடந்தது?

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தகவல் கேட்டு எழுதினார்கள். பிறகு ஒரு காலை பொறியாளர் ஒருவர் வந்தார். போக்குவரத்து ஆய்வாளரும் வந்தார். எட்டரை மணிக்கு வந்தவர்கள் ஒன்பது மணிக்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

பேருந்து நிறுத்தத்தைச் சோதனையாக அறுபது அடி தள்ளினார்கள். மார்க்கெட் ரோட்டு முனையில் தடைப் பலகை வைத்தார்கள். வெள்ளைக் கோடு போட்டார்கள். ஓரக் கடைகள் உள்ளே தள்ளி நின்றன, ஆனால் அங்கேயே நின்றன.

நடுத்திட்டு இன்னும் வரவில்லை. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டுமாம். அதனால் சிக்னல் நேரத்தையும் மாற்றவில்லை. பாட்டியின் நிபந்தனையை அதிகாரிகளும் ஏற்றுக்கொண்டார்கள்.

நிறுத்தத்தைத் தள்ளியதில் சிலருக்கு வருத்தமும் உண்டு. அறுபது அடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. “மழையில நிக்க இன்னும் கூரை போடலையே” என்கிறார்கள். அது நியாயமான குறை. அடுத்த மனுவில் அதுதான் முதல் கோரிக்கை.

ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணினார்கள். 30 சுற்றில் 11 தடவை சிக்கின. தொழிற்சாலைத் தங்கைக்கு அந்த மாதம் ஒரு நாள்கூடக் கூலி பிடிக்கவில்லை.

சொல்லும் பொருளும்

சந்திப்பு – ரோடுகள் கூடும் இடம்
நெரிசல் – வண்டிகள் நகர முடியாமல் நெருங்கி நிற்பது
நடுத்திட்டு – நடப்பவர் நிற்க ரோட்டின் நடுவில் கட்டும் மேடை
மின்மாற்றி – டிரான்ஸ்பார்மர்
கோரிக்கை – வேண்டுவது
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு

விடை எழுதுங்கள்

1. நாலு ரோட்டில் மோத வாய்ப்புள்ள புள்ளிகள் எத்தனை? மூன்று ரோடு முக்கில் எத்தனை?
2. பேருந்து நிறுத்தத்தால் 18 தடவை வண்டிகள் சிக்கியது ஏன்?
3. பள்ளிக்கூட ரோட்டுப் பச்சையைக் குறைக்கப் பாட்டி ஏன் மறுத்தார்?
4. ஒரு ரோட்டின் அகலம் 12 மீட்டர். ஒரு முதியவர் 3 மீட்டர் நடக்க 4 விநாடி ஆகிறது. ரோட்டைக் கடக்க அவருக்கு எத்தனை விநாடி வேண்டும்?
5. மனுவைக் கொடுத்ததும் அலுவலகத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர் நெரிசலுக்கு முதலில் யார்மேல் பழி விழுகிறது? அது சரியா? எண்ணிப் பார்த்தீர்களா?

செய்து பாருங்கள்

உங்கள் பகுதி நாலு ரோட்டைத் தாளில் வரையுங்கள். பேருந்து நிறுத்தம், மின்கம்பம், கடை, பள்ளி எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். நான்கு பேர் ஒரு மணி நேரம் பாதுகாப்பாக ஓரத்தில் நின்று எண்ணுங்கள். வண்டிகளோடு நடப்பவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். பிறகு மனு எழுதுங்கள். நீங்களே எழுதுங்கள்.